மீன் ஐஸில் உறைந்த டைலூயண்ட்

புதுமடம் அங்கன்வாடியில் தடுப்பூசிப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே கல்லுப்புத் தூவிய மீன் ஐஸ். ஊசிப் பொடியைக் கரைக்கும் நீரான டைலூயண்ட், கண்ணாடி ஆம்பூலோடு உறைந்து, விரிசல் விட்டிருந்தது.

"யாரு இந்த வேலையப் பாத்தது?"

"நாந்தான் நர்சம்மா," என்றாள் சபீனா, கைக்குழந்தையை அணைத்தபடி. "ஐஸு உருகிட்டா ஊசி இல்லைன்னுருவீகளோன்னு பயமாப் போச்சு. அண்ணன் மீன்பெட்டியில இருந்து அள்ளிப் போட்டேன். உப்புப் போட்டாத்தான குளிரு நிக்கும்?"

மீனுக்கு நிற்கும். ஊசிக்கு அதுவே வினை.

அவள் கணவன் வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை. பிள்ளை பிறக்குமுன் போனவன். ஊசி போடும்போது வீடியோ காலில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் அவனால் பேச முடியும். தட்டம்மை, ரூபெல்லாவுக்கான எம்.ஆர். தடுப்பூசி, வீரியம் குறைத்த உயிர் வைரஸைச் சர்க்கரை போன்ற பாதுகாப்புப் பொருள்களோடு உறையவைத்து உலர்த்திய பொடி. டைலூயண்டில் கரைத்தால் நான்கு மணி நேரம்தான் தாங்கும். அதனால் அவளுக்காக ஒரு குப்பியைக் கரைக்காமல் வைத்துவிட்டு, பக்கத்துத் தெருவில் பிரசவமானவளைப் பார்க்கப் போயிருந்தேன். பொடி உறைந்தாலும் கெடாது. டைலூயண்ட் உறையக் கூடாது, அதற்குப் பதிலாக வேறு தண்ணீரும் ஆகாது.

சுகாதார நிலையத்துக்குப் போன் செய்து, குளிர்ந்த ஆம்பூல் ஒன்று அனுப்பச் சொன்னேன். அது வருமுன் அவன் அழைத்துவிட்டான்.

"போட்டாச்சா?"

"இந்தா வந்துரும் மச்சான். கொஞ்சம் இருங்களேன்."

"சூப்பர்வைசர் கூப்புடுறாரு, சபீனா. புள்ள மூஞ்சியக் காட்டு." பார்த்தான். வைத்துவிட்டான்.

ஆம்பூல் அதற்கப்புறம்தான் வந்தது. ஊசி போட்டேன். பிள்ளை ஊரைக் கூட்டியது. வழக்கம்போல, "ச்சு, அழக்கூடாது," என்று அடக்கப் போனேன்.

"அழட்டும் நர்சம்மா," என்று சபீனா போனில் ஒலிப்பதிவை அழுத்தி அதன் வாயருகே பிடித்தாள். "இதையாச்சும் அவுகளுக்கு அனுப்புறேன்." அவள் கண்ணும் நிறைந்திருந்தது.

அடுத்த மாதம் அவளே சொன்னாள்: "கடலுக்குப் போறப்ப எல்லாம் அந்த அழுகையத்தான் காதுல வச்சுக் கேக்குறாகளாம்."

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளே, பெட்டியைத் தனியாக விட்டு நகராதீர்கள். ஊசி போட்டதும் குழந்தையின் வாயைப் பொத்த அவசரப்படாதீர்கள். அழுகையை அடக்குவதை நான் அன்றோடு விட்டேன். இப்போது பணி ஓய்வில் இருக்கிறேன். ஊசி நாளான புதன்கிழமை காலையில் வீடு வெறிச்சென்று கிடக்கும்போது, ஒரு பிள்ளையாவது வீறிட்டு அழாதா என்று ஏங்குகிறேன்.