இருபத்திரண்டாவது சென்டிமீட்டர்

இது கதை இல்லை. பிராக்டிகல் நோட்டில் எழுத முடியாததால் டைரியில் எழுதுகிறேன். நேரமும் அளவும் அன்றே குறித்தவை. தவறு இருந்தால் அது என் தவறாகத்தான் இருக்கும். ஆனால் வீடியோ இருக்கிறது.

பகலில் எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மாலையில் பெங்களூரு பிரேசர் டவுனில் கண் பரிசோதனை வகுப்பு. நோட்டில் சுந்தரேசன் சார் கையெழுத்துப் போட்டால்தான் பரீட்சை எழுதலாம். போன வருஷம் அவர் போடவில்லை. இந்த வருஷமும் போடாவிட்டால், வகுப்புக்காகச் சீக்கிரம் அனுப்புவதை முதலாளி நிறுத்திவிடுவார்.

சோதனை எளிது. மேசையில் முப்பது சென்டிமீட்டர் தள்ளி ஒரு மரக்கட்டை. விளக்கு இரண்டு விநாடி எரியும். அணைந்ததும் இருட்டில் கையை நீட்டிக் கட்டையை எடுக்க வேண்டும். இருட்டிலும் படம் பிடிக்கும் கேமரா மேலே இருக்கிறது. பிறகு வீடியோவில் கை போன பாதையை அளக்க வேண்டும். நேர்க்கோடு வரும்.

எனக்கு வரவில்லை.

செவ்வாய், மாலை 6:50. இருபத்திரண்டாவது சென்டிமீட்டரில் என் கை வலப்பக்கம் வளைந்தது. எதையோ சுற்றிக்கொண்டு போனது. ஐந்து முறையும் அதே இடம்.

"நடுவுல எதையாச்சும் வச்சியா?" என்று டீனாவைக் கேட்டேன். அவள்தான் என் ஜோடி, சுவிட்ச் அவளிடம்.

"என்னத்த வைக்கிறது? உன் கையே கோணல், மித்ரா. நேராப் போச்சுன்னு எழுதிட்டு வா."

எனக்கு அப்படி எழுத வராது. சாரைக் கூப்பிட்டேன்.

"தடைச் சோதனை அடுத்த மாசம்தானேம்மா? இப்பவே ஏன் நடுவுல பொருள் வச்சே?"

"எதுவும் வைக்கல சார்."

அவர் நம்பவில்லை. பாடத்தையே மறுபடி சொன்னார். கண் பார்த்தது மூளையின் பின்பக்கம் போய் இரண்டு வழியாகப் பிரிகிறது. கீழ்வழி, அது என்ன என்று சொல்லும். மேல்வழி, அது எங்கே என்று சொல்லும். கையை நடத்துவதும் மேல்வழிதான். "கீழ்வழி கெட்டவங்களுக்கு எதிர்ல இருக்கறது என்னன்னு தெரியாது. ஆனா கை ஒதுங்கிப் போகும்."

போய்விட்டார்.

சந்தேகம் வந்தால் திரும்ப அளப்பது என் வழக்கம். அன்று அதைச் செய்திருக்கக் கூடாது.

7:12. கை வளைந்தது பத்தொன்பதாவது சென்டிமீட்டரில்.

7:15. பதினாறு.

நாற்காலி சாக்பீஸ் குறியில்தான் இருந்தது. மேசையும் நகரவில்லை.

7:19. பதிமூன்று.

பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. மூன்று மூன்றாகக் குறைகிற தவறு எப்படி வரும்?

"போதும்டி," என்றாள் டீனா. குரலில் கிண்டல் இல்லை.

"இன்னும் ஒரே தடவை."

"நாலு தடவையா இதையேதான் சொல்றே."

7:24. சுவிட்ச் ட்ரக் என்றது. இருட்டு.

மேசை விளிம்பு லேசாகக் கிறீச்சிட்டது...

கை நீளவில்லை.

முழங்கை தானாகப் பின்னால் போனது. முதுகு நாற்காலியில் ஒட்டியது.

என் உடம்பு எதற்கோ இடம் விட்டது.

"லைட்டப் போடு..."

ட்ரக்.

மேசை. கட்டை. வேறு எதுவும் இல்லை.

வியாழக்கிழமை சார் முன்னால் மறுபடி செய்தேன். பத்து முறை. பத்தும் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. "நிதானமா செஞ்சா வருது பாரு," என்று கையெழுத்துப் போட்டார்.

8:10 பஸ். பெண்களுக்கு இலவச டிக்கெட் வந்த பிறகு எங்கள் பக்கம் மூச்சுவிட இடம் கிடைக்காது. அன்று என் இடப்பக்கம் மட்டும் காலி. ஏறியவர்கள் அங்கே தோளைத் திருப்பி, சுற்றிப் போனார்கள். யாரும் அந்த இடத்தைப் பார்க்கவில்லை.

பையோடு தடுமாறிய ஒருவரிடம், "இங்க நில்லுங்கக்கா, இடமிருக்கு," என்றேன்.

ஓர் அடி வைத்தார். நின்றார்.

"பரவாயில்லம்மா," என்றார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, போனில் ஏற்றி வந்த வியாழக்கிழமை வீடியோவைக் கடைசிவரை ஓட்டினேன். விளக்கு எரிகிறது. என் இடப்பக்கம் வெறும் தரை. கையெழுத்துப் போட சார் அந்தப் பக்கமாக வருகிறார். நேர் வழி இருக்கிறது.

அவர் நேராக வரவில்லை.

ஓர் ஆள் அகலம் விட்டு, சுற்றி வருகிறார்.