நாற்காலிக்கு அடியில் ஏழு

பட்டறைக்குள் வெல்டிங்கக்காவின் வாய்க்கு முன்னால் யாரும் நிற்க முடியாது. ஆனால் ஒரு விண்ணப்பத் தாளை நீட்டினால் போதும், அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பதினோரு வருடமாக இரும்புக் குழாயை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, மேசை நாற்காலி செய்கிறவள். கூட இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். செய்ததெல்லாம் பக்கத்துத் தெருப் பெரிய கம்பெனிக்குப் போகும். அவர்கள் முதுகுப் பக்கம் தங்கள் ஸ்டிக்கரை ஒட்டி விற்பார்கள். நோகாமல் நுங்கு தின்பது என்றால் இதுதான்.

இந்த வருடம் கம்பெனி வெளியே வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டது.

"பட்டறைய மூடிட்டு எங்ககிட்ட சூப்பர்வைசரா வந்துடுங்க. ஆனா அந்த ரெண்டு பொண்ணுங்களுக்கு இடமில்ல," என்றார் மேனேஜர். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

மிச்சமிருந்த ஒரே வழி நகர வளர்ச்சிக் கூட்டமைப்பு. நகராட்சியும் வங்கியும் பெரிய கம்பெனிகளும் சேர்ந்து நடத்துவது. பள்ளிக்கூடங்களுக்கு வேண்டிய சாமான்களை அதன் பட்டியலில் இருக்கிறவர்களிடம்தான் வாங்குவார்கள். அக்கா விண்ணப்பம் போட்டாள். 'அனுபவம் இல்லை' என்று மூன்றே நாளில் பதில் வந்தது.

பேருந்து ஓட்டுகிற கணவனிடம் யோசனை கேட்டால், "உன் இஷ்டம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. வாரம் முழுக்க அதையே சொன்னான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கோபத்தோடுதான் புதன்கிழமை கூட்டமைப்பு அலுவலகத்துக்குப் போனாள். சண்டை போடலாம் என்றால் செயலாளர் சாதுவான மனிதராக இருந்து தொலைத்தார். உட்காரச் சொல்லி, அவளுடைய தாளை எடுத்துக் காட்டினார்.

"ஐநூறு நாற்காலியாவது செஞ்சிருக்கணும்மா. நீங்க அந்த இடத்துல வெறும் கோடு போட்டிருக்கீங்களே."

"ஆயிரக்கணக்குல செஞ்சிருக்கேன், ஆனா பில்லெல்லாம் கம்பெனி பேர்ல சார். என்னோடதுன்னு எழுதினா பொய்யாயிடாதா?"

ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களுக்கு வராத கூச்சம் இவளுக்கு வந்திருக்கிறது.

"நீங்கதான் செஞ்சீங்கங்கிறதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?"

"இல்ல சார்," என்று எழுந்துவிட்டாள். பழக்கதோஷத்தில், உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒரு கையால் ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. முதுகில் கம்பெனி ஸ்டிக்கர். வெடுக்கென்று அதைக் கவிழ்த்தாள். இருக்கைக்கு அடியில், இரும்பில், முப்பத்திரண்டு என்று அடித்திருந்தது.

"சார், இது என் நாற்காலி."

ஆடாமலிருக்க நான்கு காலையும் ஒரு சமமான கல்லின் மேல் வைத்து அவள் தேய்ப்பாள். பெயிண்ட் அடிக்கக் கழற்றும்போது ஒன்றின் கால் இன்னொன்றோடு கலந்துவிடக் கூடாது என்று இருக்கைச் சட்டத்திலும் கால்களிலும் ஒரே எண்ணை அடித்து வைப்பாள். அதைச் சொன்னதும், எண் யார் வேண்டுமானாலும் அடிக்கலாமே என்று செயலாளர் நியாயமாகத்தான் கேட்டார்.

"எங்கயாவது ஏழு வந்தா பாருங்க சார். மேல்கோடு பாதிதான் இருக்கும். என் ஏழாம் நம்பர் அச்சு உடைஞ்சு வருஷக்கணக்காச்சு. புதுசு வாங்கணும்னு நினைக்கிறதோட சரி."

செயலாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கூட்ட அறையில் இருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். ஐந்தாவதில் நாற்பத்தேழு. ஏழுக்கு மேல்கோடு பாதிதான். கடைசியாகத் தன் நாற்காலியையே திருப்பினார். எழுபத்தேழு. இரண்டு ஏழும் அரைகுறை.

"மூணு வருஷமா உங்க நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு, உங்களுக்கு அனுபவம் இல்லன்னு எழுதியிருக்கேன்," என்றார். பிறகு விதிப் புத்தகத்தை எடுத்துப் படித்தார். "செஞ்ச அனுபவம்னுதான் இருக்கு. பில்லு யார் பேர்லன்னு ஒரு வார்த்தை இல்ல."

மறுநாள் அவரே பட்டறைக்கு வந்து உடைந்த அச்சைக் கையில் வாங்கிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை கூட்டம். கம்பெனி மேனேஜரும் அதில் உறுப்பினர்தான், ஆனால் வாயைத் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது, அதுவும் எல்லாரும் அந்தப் பூசணிக்காயின் மேலேயே உட்கார்ந்திருக்கும்போது. அடுத்தவர் பெயரில் செய்த வேலையும் இனி அனுபவம்தான் என்று முடிவாயிற்று. பெரிய ஆர்டரைச் சிறு பட்டறைகளும் எடுக்கும்படி பிரித்துக் கொடுப்பதென்றும் தீர்மானித்தார்கள். அக்காவின் பங்குக்கு ஒரு தொடக்கப் பள்ளி, எண்பது மேசைகள்.

செய்தி வந்ததும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இரண்டு பெண்களையும் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் டியூட்டி முடிந்து கணவன் பட்டறைக்கு வந்தான்.

"பட்டியல்ல சேத்துட்டாங்க. திங்கக்கிழமை நான் கம்பெனிக்குப் போகல."

சாப்பாட்டு டப்பாவைக் கீழேகூட வைக்காமல் அவன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். "அப்பாடா," என்றான்.

"என்ன அப்பாடா? ஒரு வாரமா உன் இஷ்டம், உன் இஷ்டம்னு சொன்னது யாரு?"

"மாசமானா சம்பளம் வர்ற வேலை. போகாதேன்னு எந்த வாயால சொல்றது? தினமும் இந்தப் பட்டறை வழியாத்தான் பஸ்ஸ ஓட்டிட்டுப் போறேன். திரும்புறப்ப நீ இரும்பு தட்டுற சத்தம் கேட்கும். இனிமே கேட்காதுன்னு நினைச்சு நினைச்சே, இந்த வாரம் ரெண்டு ஸ்டாப்புல நிறுத்த மறந்துட்டேன். நல்லாத் திட்டினாங்க."

வெல்டிங்கக்கா அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.