வெடித்த பலூன்

எங்கள் பாஷையில் குதிக்கால் வெடிக்கும், கோடையில் வயல் வெடிக்கும், பிள்ளைகளின் கையில் பலூனும் வெடிக்கும். அதனால் ஒருவருக்கும் ஒன்றும் ஆவதில்லை. என் வீட்டுக்காரருக்கு மட்டும் அந்தச் சொல் வினையாக வந்து முடிந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. முரசுமோட்டையில் எங்கள் வயலுக்குள் ஒரு நாள் காலையில் வெள்ளைப் பெட்டி ஒன்று கிடந்தது. அதனோடு சின்னதாக ஒரு பரசூட், கந்தலாய்க் கிழிந்த மெல்லிய பிளாஸ்டிக். பக்கத்து வீட்டு வாத்தியார் பெட்டியில் ஒட்டியிருந்த இங்கிலீசை வாசித்துச் சொன்னார். ஆகாயத்தின் உச்சியில் காற்றையும் குளிரையும் அளக்க விஞ்ஞானிகள் விட்ட பலூனாம். அது மேலே போய் வெடித்ததும் கருவி பரசூட்டில் இறங்குமாம். ஆபத்தில்லை, கண்டெடுத்தவர் அரசாங்கக் கந்தோரில் ஒப்படைக்கவும் என்றிருந்தது.

"பாழுங்கிணத்துக்கை போட்டிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கோ" என்றேன்.

"விசர்க் கதை கதையாதை. ஆரோ படிச்ச சனம் இதைத் தேடிக்கொண்டு இருக்குங்கள்."

இரவல் வாங்கிய மண்வெட்டியைக் கழுவித் துடைத்துக் கொடுக்கிற மனுசன். பெட்டியைச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் புறப்பட்டார்.

வழியில் ஆமிக்காரர் மறித்திருக்கிறார்கள். அரைகுறைத் தமிழ் தெரிந்த ஒருவன் இது என்ன என்று கேட்டானாம். இவர் கையை வானத்துக்குக் காட்டி, "பலூன், சேர். மேலை வெடிச்சது" என்றிருக்கிறார். அவனுக்குத் தெரிந்த தமிழில் வெடி மட்டும்தான் இருந்தது போலும். அடித்து ஓயும்வரை பெட்டியில் ஒட்டியிருந்ததை ஒருவனும் குனிந்து பார்க்கவில்லை.

அவரைக் காம்புக்குக் கொண்டுபோன செய்தி வந்ததும் வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு காம்ப் வாசலுக்கு ஓடினேன். அவர் இங்கிலீசில் மன்றாடினார். கடைசியில் அங்கிருந்த ஆமிப் பெரியவன் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி வாசித்துப் பார்த்துச் சிரித்தான். என் வீட்டுக்காரரை விட்டார்கள். இடது காதிலிருந்து வடிந்த இரத்தம் சட்டையில் காய்ந்திருந்தது. அந்தக் காது பிறகு கேட்கவேயில்லை.

கொஞ்சக் காலம் கழித்து வாத்தியார் ஒரு பேப்பரோடு வந்தார். விலைமதிப்பற்ற ஆராய்ச்சிக் கருவியைப் பத்திரமாக மீட்டுத் தந்த படையினருக்கு விஞ்ஞானிகள் நன்றி சொல்லியிருந்தார்கள். வயலில் கண்டெடுத்தவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் அதை அவருடைய நல்ல காதுப் பக்கம் இருந்து உரக்க வாசித்தேன்.

அவர் பேப்பரை எட்டிப் பார்த்தார். "அப்ப பெட்டி பழுதுபடேல்லையோ?"

"ஒரு கீறலும் இல்லையாம்."

"அது காணும், வேறை என்ன வேணும்" என்று சொல்லி, வயலுக்குத் தண்ணீர் கட்டப் போவதற்கு எழும்பினார். நான் மற்றக் காதுப் பக்கமாகப் போய் நின்று, விஞ்ஞானிகளையும் படையையும் அவரையும் சேர்த்து வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்.