புரொபெல்லருக்குப் பெயின்ட் பூசிய நாள்

இருதய சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு என் கணவர் கதைப்பதையே விட்டுவிட்டார். கேட்டால் ஓம், இல்லை, அவ்வளவுதான். வெள்ளவத்தை ஃபிளாட்டின் பல்கனியில் இருந்து ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவரும் நண்பர் ஒருவரும் சேர்ந்து வாங்கிய சின்ன மோட்டார் படகு முகத்துவாரத்தில் கரையேற்றிக் கிடந்தது. லீவு நாளென்றால் அதில்தான் மீன்பிடிக்கப் போவார்கள். அவரைச் சீண்டுவதற்காகவே ஒருநாள் அதை விற்றுவிடுவோமா என்று கேட்டேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன்.

"உமக்கு விருப்பமெண்டால் வித்துவிடும்" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

அந்தச் சனிக்கிழமை அவரை ஓட்டோவில் முகத்துவாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் கொட்டாஞ்சேனையில் பிரைமரும், சிப்பி ஒட்டாமல் அடியில் பூசுகிற பெயின்ட்டும் வாங்கினேன். அவர் குனியக்கூடாது. பிளாஸ்டிக் கதிரையொன்றை நிழலில் போட்டு இருத்திவிட்டு, நானே படகுக்குக் கீழே புகுந்தேன். புரொபெல்லரிலும் அதன் தண்டிலும் ஒட்டிக்கிடந்த சிப்பிகளைச் சுரண்டி, சாண்ட் பேப்பரால் தேய்த்து, தின்னரால் துடைத்து, பிரைமர் அடித்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரைமர் காய்ந்ததும் பெயின்ட்டைத் தொடங்கினேன். புரொபெல்லரை முடித்துத் தண்டுக்கு வந்தால், அதில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி. அதற்கும் ஒரு இழுப்பு இழுத்தேன்.

"அதில பூசாதேயும். அது சிங்க் எல்லோ, துத்தநாகக் கட்டி."

பிரஷ் கையிலேயே நின்றுவிட்டது. அவர் கதிரையை விட்டு எழும்பி நின்றுகொண்டிருந்தார்.

"உப்புத்தண்ணி அதைத்தான் அரிக்கவேணும். அதை நீர் பெயின்ட்டால மூடிவிட்டால் புரொபெல்லரைத் தின்னும். துடையும், காயிறதுக்கு முதல் துடையும்."

துடைத்தேன். அதோடு நிற்கவில்லை. டின்னின் அடியில் சிப்பியைத் தடுக்கிற மருந்தெல்லாம் படிந்திருக்குமாம், கலக்காமல் பூசுகிறேனாம். புரொபெல்லர் இலைகளின் ஓரத்தில் பெயின்ட் போதாதாம். திட்டத் திட்ட எனக்குக் கண் கலங்கியது. நல்லவேளை, படகுக்குக் கீழே கிடந்ததால் அவருக்குத் தெரியவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் நண்பருக்குப் போன் எடுத்தார். எனக்குப் பிரஷ் பிடிக்கவே தெரியாது, சிங்க் கட்டியையும் சேர்த்துப் பூசப் பார்த்தேன் என்று விஸ்தாரமாக முறையிட்டார். நான் குசினியில் அடுப்பைக் குறைத்துவிட்டு, ஒரு சொல்லும் விடாமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.