இருபது பாகம்

அத்தான் போன பிறகு என் அக்கா முழுதாகப் பேசிய முதல் வாக்கியம் ஒரு சங்கிலியைப் பற்றியது.

"படகுல நங்கூரச் சங்கிலி இல்ல தம்பி. வாங்கப் போகணும், கூட வரியா?"

அதற்கு முன்னால் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு 'ம்' தான். சாப்பிட்டாயா என்றால் ம். தூங்கினாயா என்றால் அதே ம். கையில் கொடுத்த தேநீர் ஆடை கட்டிப்போகும் வரை பிடித்துக்கொண்டே இருப்பாள், பிறகு அப்படியே குடித்துவிடுவாள். அழவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள்தான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதி அழுகையில் சங்கடப்பட்டு நிறுத்தினார்கள்.

படகு அத்தானும் அவருடைய அண்ணனும் சேர்ந்து வாங்கியது. ஒற்றைப் பாய்மரம், எட்டுப் பேர் நெருக்கி உட்காரலாம். எதிரே இருக்கும் தீவுக்கு ஆட்களை ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவருவார்கள். அக்கா பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடிப்பாள். பாயும் நங்கூரமும் முன்னால் நிற்கும் அத்தான் பொறுப்பு. இத்தனை வருடம் கடலில் திரிந்த மனிதர் ஒரு செருப்புக்கடை வாசலில், ஒரு காலில் புதுச் செருப்போடு, மாரடைப்பில் சரிந்தார்.

அத்தானின் அண்ணனைப் பெரியவர் என்போம். ஓட்ட ஆளில்லாத படகை விற்றுவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். கெட்ட எண்ணமில்லை, அவருக்குக் கடலே ஆகாது. துருப்பிடித்த பழைய சங்கிலியை யாரையும் கேட்காமல் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்துத் துறைமுகச் சுவரைப் பழுதுபார்க்க ஆரம்பித்தார்கள். சின்னப் படகெல்லாம் வெளியே போய், வேலை முடியும்வரை சொந்த நங்கூரத்தில் நிற்க வேண்டும் என்று உத்தரவு.

"நானே ஓட்டறேன் மாமா" என்றாள் அக்கா.

பெரியவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வெளியில காத்து சும்மா விடாது. படகு நங்கூரத்துல நின்னுச்சுன்னா நீயே வெச்சுக்கோ. இழுத்துக்கிட்டுக் கரைக்கு வந்துச்சுன்னா வித்துடுவோம். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"சரிங்க மாமா." அவள் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. தூக்கி வைத்துக்கொள்ளவும் அதில் ஒன்றுமில்லை.

சங்கிலிக் கடைக்கு அக்கா ஒரு துணிமூட்டையோடு வந்தாள். உள்ளே இரும்புச் சக்கரம். படகின் முன்முனையில் சங்கிலியை மேலே இழுக்கும் கைச்சக்கரம் அது. நட்டைத் திருகிக் கழற்றிக்கொண்டே வந்துவிட்டாள்.

"அளவு சொன்னாப் போதாதாக்கா? நல்லவேளை, படகையே தூக்கிட்டு வரல" என்றார் கடைக்காரர்.

அக்கா சிரிக்கவில்லை. அவர் எடுத்துப் போட்ட முதல் சங்கிலி பளபளவென்று இருந்தது. சக்கரத்தின் பற்களில் வைத்தாள். கண்ணிகள் நீளமாக இருந்ததால் வழுக்கிக்கொண்டு ஓடியது. "இது கேட்டுக்குப் பூட்டற சங்கிலி." அடுத்தது நல்ல தடிமன். தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தாள். "இத ஏத்தினா படகு மூக்கு தண்ணியில குத்தும்." மூன்றாவது குட்டைக் கண்ணி, துத்தநாகம் பூசியது. பல்லில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒவ்வொரு கண்ணியிலும் பற்றவைத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனாள். கடைக்காரர் என் பக்கம் குனிந்து, "உங்கக்கா பொண்ணு பாக்க வந்த மாமியார் மாதிரி பாக்கறாங்க" என்றார்.

எவ்வளவு நீளம் என்ற கணக்கு என்னிடம் வந்தது. எங்கள் வம்சத்தில் முதன்முதலில் கல்லூரிப் பட்டம் வாங்கியவன் நான். உப்புப் புளிக் கணக்காக இருந்தாலும் வீட்டில் என்னைத்தான் கேட்பார்கள். எனக்கும் அதில் பெருமைதான். துறைமுகத்துக்கு வெளியே நாலு பாகம் ஆழம் என்று அத்தான் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி வேண்டும். "இருபது பாகம்" என்றேன்.

"அவரும் இருபதுதான் எண்ணுவாரு" என்றாள். பின்னால் உட்கார்ந்து வருடக்கணக்காக அந்தக் குரலைக் கேட்டவள். அஞ்சு, பத்து, பதினஞ்சு, இருபது, முடிஞ்சுது.

கடைக்காரருக்குப் பாகம் புரியவில்லை. "மீட்டர்ல சொல்லுங்க."

"நானே அளந்துக்கறேன்."

இரண்டு கையையும் விரித்தால் ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனி வரை ஒரு பாகம். கடையின் நடுவில் நின்று அக்கா சங்கிலியை மார்போடு சேர்த்து விரித்து விரித்து அளந்தாள். ஐந்து பாகத்துக்கு ஒருமுறை கண்ணியில் சிவப்புப் பெயின்ட் தடவினாள். இருபதில் வெட்டச் சொன்னாள்.

நங்கூரத்தோடு பூட்டி, பூட்டின் ஆணி கழலாமல் கம்பி சுற்றி, கடைசிக் கண்ணியில் ஒரு நீளக் கயிறும் கட்டினாள். அவசரத்துக்குச் சங்கிலியை வெட்ட முடியாது, கயிற்றை வெட்டலாம்.

படகை வெளியே கொண்டுபோய் நங்கூரம் போட்ட மூன்றாம் நாள் மத்தியானம் காற்று ஏறியது. படகில் நாங்கள் இருவர்தான். கரையில் தண்ணீர்த் தொட்டியும் அதற்குப் பின்னால் ஒரு விளக்குக் கம்பமும் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் தெரிந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்பம் தொட்டியை விட்டு மெல்ல விலகியது.

"அக்கா, நகருது."

அவள் முன்முனையில் மண்டியிட்டு விறைத்து நின்ற சங்கிலியின்மேல் உள்ளங்கையை வைத்தாள். நானும் வைத்தேன். அடியில் யாரோ பல்லைக் கடிப்பதுபோல் நறநறவென்று கைக்கு ஏறியது. நங்கூரம் மண்ணைக் கீறிக்கொண்டு வந்தது.

"மொத்தமும் வெளியில இருக்கா?" என்று கேட்டேன்.

"இருபதும் போயிடுச்சு."

கரை கிட்டே வந்துகொண்டிருந்தது. அவளிடம் பதற்றம் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கயிற்றை முளையில் ஒரு சுற்றுச் சுற்றி, விரல் மாட்டாமல், முழம் முழமாக விட்டாள். கயிறு பாதிக்கு மேல் போனதும் மறுபடி கையை வைத்தாள். நறநறப்பு நின்றிருந்தது. கம்பமும் நின்ற இடத்தில் நின்றது.

காற்று தணிந்ததும் படகை நங்கூரத்திலேயே விட்டுவிட்டு ஒரு தோணியில் கரைக்கு வந்தோம். பெரியவர் காத்திருந்தார்.

"தள்ளி வந்துருக்கே."

"வந்துச்சு மாமா. அப்புறம் நின்னுச்சு."

"புதுச் சங்கிலியாச்சே? இருபது பாகம்தானே?"

"இருபதுதான்." அக்கா தன் கைகளைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "என் கையில இருபது."

அத்தான் ஆறடிக்கு மேல். பந்தியில் மூன்று இலை தள்ளியிருக்கும் உப்பை உட்கார்ந்தபடியே எடுப்பார். கல்யாணத்தன்று, "மாப்பிள்ளைக்குக் கை நீளம், பெட்டியப் பூட்டி வைங்க" என்று எங்கள் வீட்டார் கேலி செய்தார்கள். நாலு பாகம் ஆழம் என்பது அவர் கைக்கணக்கு. சங்கிலியை அளந்தது இவள் கை.

பெரியவரும் அதே வாகு. அக்கா துண்டுக் கயிறு ஒன்றை அவரிடம் நீட்டினாள். "கைய விரிங்க மாமா."

அவர் விரித்தார். அவர் பிடித்த இரண்டு இடத்திலும் அவள் முடிச்சுப் போட்டாள். பிறகு அதே கயிற்றைத் தன் மார்போடு சேர்த்து விரித்தாள். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சியது. மிஞ்சியதைக் கைக்குள் மடித்துப் பிடித்துக்கொண்டாள்.

"பாகத்துக்கு இவ்ளோ விட்டுப்போச்சு. எத்தனை தம்பி?"

"உன் கையில இன்னும் அஞ்சு."

பெரியவர் கடல் பக்கம் பார்த்தார். படகு தூரத்தில் தலையாட்டிக்கொண்டு நின்றது. "ஆறா வாங்கிடு" என்றார். "ஒவ்வொரு தடவையும் நான் வந்து கைய விரிச்சுக்கிட்டு நிக்க முடியாது."

"ம்" என்றாள் அக்கா.

மறுநாள் படகைக் கரையோரம் கொண்டுவந்து, சங்கிலியைக் கழற்றிக் கரையில் நீட்டிப் போட்டாள். தன் கையால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள். இம்முறை அத்தானைப்போல் வாய்விட்டு. முடிச்சுப் போட்ட துண்டுக் கயிற்றின் மிச்சத்தை அவள் இடது கை விடவே இல்லை.