வெரோனிக்காவின் ஏழு கிலோ

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் ஐந்தாவது மாடி வெரோனிக்காவுக்கு, நான்காவது எனக்கு. பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி அவள். ஐம்பத்திரண்டு வயது, நாற்பத்து நான்கு கிலோ, அடிக்கடி தகராறு செய்யும் வலது முட்டி. ஜெராய் மலையில் ஓர் இரவு தங்க வேண்டும் என்பது அவளது நெடுநாள் ஆசை. அதற்காகவே யுகேந்திரனின் மலையேறும் குழுவில் சேர்ந்தாள்.

குழுத் தலைவனாயிற்றே, அவன் வாட்ஸ்அப் புலனத்தில் ஒரு பட்டியல் அனுப்பினான். அறுபது லிட்டர் பை, இருவர் கூடாரம், தடித்த தோல் சப்பாத்து, பனிமலைக்குப் போகிறவர்கள் உள்ளே நுழைந்து படுக்கும் தூக்கப்பை. ஒன்று குறைந்தாலும் வர வேண்டாமாம். இருபத்தாறு வருஷம் பெற்றோருக்குப் புத்தகப் பட்டியல் அடித்துக் கொடுத்தவளுக்குப் பட்டியல் என்றால் வேதவாக்கு. மறுபேச்சில்லாமல் அத்தனையும் வாங்கினாள். இதைவிட மடத்தனம் அவள் செய்ததில்லை.

எல்லாவற்றையும் முதுகில் மாட்டி எங்கள் படிக்கட்டில் ஏறிப் பார்த்தாள். பதினாறு கிலோ. மூன்றாவது மாடியில் முட்டி மக்கர் செய்ய, உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம்.

"செயிண்ட் ஆன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் புக்கிட் மெர்தாஜாம் போயி கோயில் தரையில படுக்கறவ நான். எனக்கு என்ன வேணும்னு இவன் சொல்றானா?"

வாங்கியதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தாள். சின்னப் பைகளை ஒவ்வொன்றாக, உள்ளே பாரம் வைத்து, மாட்டி நடந்து பார்த்தாள். கடைக்காரர் இர்வான் பொறுமைசாலி. பாரம் தோளில் தொங்காமல் இடுப்பில் உட்கார்ந்த பையை எடுத்தாள். கூடாரத்துக்குப் பதில், திருவிழாவில் தலைக்கு மேல் கட்டும் தார்ப்பாய். தூக்கப்பைக்குப் பதில் கைலியும் கம்பளிச் சட்டையும். காலுக்கு, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து. தண்ணீர், சோறு எல்லாம் சேர்த்து ஏழு கிலோ.

மலையடிவாரத்தில் யுகேந்திரன் முகம் சுளித்தான். நடந்ததை அவளே பிறகு என்னிடம் சொன்னாள்.

"இத வச்சிக்கிட்டு நீங்க வர முடியாதுக்கா. மழை வந்தா எப்படி?"

"நனைவேன். அதுக்காக வீட்டுல உக்காந்து காயச் சொல்றீங்களா? லிஸ்ட் எழுதறப்ப என் முட்டிய கேட்டீங்களா, தம்பி? வழிய விடுங்கலா."

சொல்லிக்கொண்டே அவனைத் தாண்டி நடக்கத் தொடங்கிவிட்டாள்.

மலை உச்சியில் தங்கிய இரவில் மழை கொட்டத்தான் செய்தது. தார்ப்பாயின் ஒரு மூலை அவிழ்ந்துபோனது. காலையில் யுகேந்திரன் அவளைத் தேடி வந்தான்.

"நனஞ்சிட்டீங்களாக்கா?"

"ஒரு காலு நனஞ்சிச்சி," என்றாள் வெரோனிக்கா. "ஆனா ரெண்டு காலும் மல ஏறி வந்துச்சில்ல?"