கதிரையில வச்ச கால்

கண்டறியாத ஒரு மூச்சுப் பயிற்சி. அதை நினைச்சா எனக்கு இப்பவும் பத்திக்கொண்டுதான் வருகுது.

நெடுந்தீவில எங்கட கோயில் திருவிழாவை ஒட்டி விளையாட்டுப் போட்டியும் வைக்கிறவை. வெளிநாட்டில இருக்கிற ஊர்ச்சனம் அந்த நேரம்தான் வந்திறங்கும். அந்த வருசம் கழகத்துக்குச் சப்பாத்து, உடுப்பெல்லாம் வாங்கித் தந்த ஒருத்தர் குடும்பத்தோட வாறார், அவருக்கு முன்னால நான் ஆயிரத்தைந்நூறு மீற்றர் ஓடிக் காட்டவேணும். எங்களைப் பழக்கின சேர் எடுத்த முடிவு அது. எனக்கெண்டா அதுக்குப் பிறகு வாற மாகாணப் போட்டியிலதான் கண்.

இதுக்குள்ள கால் நோகத் தொடங்கீட்டுது. கொங்கிறீற்று றோட்டிலயும் கல்லுத்தரையிலயும் விடிய ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா ஓடினா நோகாமல் என்ன செய்யும்? கொஞ்ச நாள் ஓய்வு தாங்கோ எண்டு கேட்டன். காலைப் பாக்க ஒரு பிசியோவையாவது கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டும் கேட்டன். "பிசியோ ஆர் இந்தக் கடலைத் தாண்டி வருவினம்?" எண்டார் சேர். பேந்து பாத்தா, அதே கடலைத் தாண்டி ஒரு மிஸ் வந்து நிக்கிறா, விளையாடுற ஆக்களுக்கு மைண்ட்புல்னெஸ் பழக்க. மனஅழுத்தம் குறையுமாம், களைச்ச உடம்பு கெதியாத் தேறுமாம். அவவுக்கு மட்டும் கடல் வழிவிட்டிட்டுதாக்கும்.

நல்ல மனுசிதான், பொய் சொல்லக்கூடாது. படகில சத்தி எடுத்துக் களைச்சு வந்தவ, எங்களை மண்டபத்தில பாயில படுக்க வச்சு, போனில கடலலைச் சத்தம் போட்டா. மண்டபத்துக்குப் பின்பக்கம் கடல்.

"கண்ணை மூடி முதல்ல மூச்சைக் கவனியுங்கோ. பேந்து கால் தொடக்கம் தலை மட்டும் ஒவ்வொரு இடமாக் கவனியுங்கோ. நல்லது கெட்டது எண்டு யோசியாதேங்கோ. என்ன இருக்குதோ அதைப் பாருங்கோ" எண்டா.

நானும் பஞ்சிப்படாமல் கவனிச்சனான். அதுவரைக்கும் கால் முழுக்க நோகுது எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன். அண்டைக்குத்தான் பிடிபட்டுது. இடது காலில, முழங்காலுக்குக் கீழ முன்னெலும்பில, விரல் நுனி அளவு ஒரு இடம்.

முடிய ஒவ்வொருத்தரா என்ன உணர்ந்தனீங்கள் எண்டு கேட்டா. மற்றவை லேசா இருக்குது, அமைதியா இருக்குது எண்டினம். நான் விரலை வச்சுக் காட்டி, "மிஸ், இந்த இடம் நோகுது. இது தசை இல்லை, எலும்பு" எண்டன். மிஸ் சேரைப் பாத்தா. சேருக்கு முகம் கறுத்துப்போச்சு.

"மனசு அமைதியாகட்டும் எண்டுதானே உம்மை இதுக்கு விட்டது. இருந்து நோவைத் தேடிப் பிடிக்கவே?"

கவனி எண்டுறதும் நீங்கள், கவனிச்சதைச் சொன்னா வாயைப் பொத்து எண்டுறதும் நீங்கள். என்ன நியாயம் இது?

அடுத்தநாள் விடிய நான் மைதானத்துக்குப் போகேல்லை. அம்மாவோட படகேறி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போனன். நான் காட்டின இடத்தை டொக்டர் அமத்த, துள்ளிப்போனன். படம் எடுத்துப் பாத்திட்டு எலும்பில மெல்லிய வெடிப்பு எண்டார். இன்னும் ஓடினா முறிஞ்சுபோகும், பேந்து ஓட்டத்தை மறக்கவேண்டியதுதான் எண்டார். காலை ஊண்டாமல் உயர்த்தி வச்சிருக்கச் சொன்னார். மாகாணப் போட்டி அதோட போச்சு. படகில வரேக்க அழுதனான்.

பேந்து ஒரு பின்னேரம் சேர் வீட்டை வந்தார். நான் விறாந்தையில ஒரு கதிரையில இருந்து, மற்றக் கதிரையில காலை நீட்டி வச்சிருந்தன். அம்மா குசினிக்குள்ள இருந்து எட்டிப் பாத்து, "பிள்ளை, சேர் வாறார், காலை இறக்கு" எண்டா. எங்கட பக்கத்தில, படிப்பிச்ச ஆளுக்கு முன்னால கால் நீட்டினா, அதுக்கு மேல மரியாதைக்கேடு இல்லை.

சேர் கால் எப்பிடி எண்டு கேக்கேல்லை. "சப்பாத்து வாங்கித் தந்தவை வந்திறங்கீட்டினம். மிஸ் பழக்கினமாதிரி மூச்சைக் கவனிச்சு, ஒரு ஓட்டம் மட்டும் ஓட ஏலாதோ? பேந்து நீர் எவ்வளவு நாளும் ஓய்வெடும்" எண்டார்.

சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. "ஏலாது சேர்" எண்டு மட்டும் சொன்னன்.

"காலை இறக்கடி" எண்டு அம்மா திரும்பவும் சொன்னா. நான் இறக்கேல்லை. உள்ளங்கால் சேரின்ர முகத்தைப் பாத்தபடி, அவர் எழும்பிப் போகுமட்டும் கதிரையிலயே இருந்தது.